'ஆறுதலாக': ஒரு சொல்லும் ஒரு வாவியும்

ஆங்கிலத்திலே 'லெஷர்லி' என்றொரு சொல் உண்டு. அவசரமின்றி, வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டு ஒரு செயலைச் செய்யும் தன்மையை அது குறிக்கும். காலையுணவு, மாலைநடை, நண்பரின் உரையாடல், நாவலொன்றின் கதைப்போக்கு ஆகிய யாவற்றுக்கும் ஆங்கிலேயர் அதனை அடையாக்குவர். பார்வைக்கு எளிய சொல். ஆயினும் அதனைத் தமிழிலே பெயர்க்க முற்படும் மாணவன் சிறிது நேரத்திலேயே இடர்ப்படுவான். 'மெதுவான காலையுணவு' என்று எழுதினால் உண்பவனுக்குப் பல்வலியோ என்ற ஐயம் தோன்றும். 'ஓய்வான நடை' என்றால் நடையே நின்றுவிடுகின்றது.

இது மொழிபெயர்ப்புப் பயிற்சியோடு முடிந்துபோகும் சிக்கலாயின் இக்கட்டுரைக்கு இடமில்லை. மட்டக்களப்பு வாவியையும் அதன் இருகரை மக்களையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் பயண விவரணங்களிலும் உல்லாசப் பயண விளம்பரங்களிலும் இச்சொல்லையும் இதன் இனச்சொற்களையும் அடிக்கடி காண்கின்றோம். வாவி அவசரமற்றது, தோணி அவசரமற்றது, மக்களும் அவசரமற்றவர்கள் என்பதே அவற்றின் சாரம். புகழ்ச்சியாகத் தோன்றும் இக்கூற்றை நாமும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்கின்றோம். இச்சொல் இப்பிரதேசத்தின் வாழ்க்கைக்கு எவ்வளவு பொருந்தும், எங்கே பொருந்தாது, அதனிடத்தில் நம்மிடமுள்ள சொல் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் பிறப்பு

'லெஷர்' என்னும் ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு மொழிவழி வந்தது. அதன் மூலம் 'அனுமதிக்கப்படுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினைச்சொல். உரிமப் பத்திரத்தைக் குறிக்கும் 'லைசென்ஸ்' என்ற சொல்லும் அதே வேரிற் பிறந்ததே. ஆகவே 'லெஷர்' என்பது ஆதியில் அனுமதிக்கப்பட்ட நேரம். அனுமதிப்பவர் ஒருவரும் அனுமதி பெறுபவர் ஒருவரும் அச்சொல்லினுள்ளே மறைந்திருக்கின்றனர்.

கிரேக்கத்திலே ஓய்வுநேரத்தைக் குறித்த 'ஸ்கொலே' என்னும் சொல்லே பின்னர்ப் பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் 'ஸ்கூல்' ஆயிற்று. வயலிலும் பட்டறையிலும் உழைக்க வேண்டாதவனுக்கே கல்விக்கு நேரம் இருந்தது. அந்நேரத்தை அவனுக்கு ஈட்டிக் கொடுத்தவர்கள் அடிமைகள். தோர்ஸ்ரைன் வெப்லன் 1899 இல் வெளியிட்ட நூலிலே ஒரு வர்க்கத்தையே 'ஓய்வுடைய வர்க்கம்' எனப் பெயரிட்டு, உழைப்பிலிருந்து விலகியிருத்தல் எவ்வாறு செல்வத்தின் அடையாளமாயிற்று என விளக்கினார்.

எனவே அவசரமின்மை என்பது யாவர்க்கும் ஒரே பொருளைத் தரும் பண்பு அன்று. செல்வன் மெதுவாக நடந்தால் ஆங்கிலம் அதனை 'லெஷர்லி' என்னும். கூலியாள் அவ்வாறே நடந்தால் சோம்பல் என்னும். மலாயர், யாவானியர், பிலிப்பைன்ஸ் மக்கள் ஆகியோரைச் சோம்பேறிகள் எனக் குடியேற்ற ஆட்சியாளர் எழுதிவைத்தமையின் அடிப்படையைச் சையத் ஹுசைன் அலதாஸ் 1977 இல் வெளியான தம் ஆய்வில் வெளிப்படுத்தினார். தோட்ட முதலாளி வேண்டிய வேலைக்கு வராதவன், தன் வயலிலும் தன் கடலிலும் எவ்வளவு உழைத்தாலும், சோம்பேறியாகவே கணிக்கப்பட்டான். இன்று சுதேசியைச் சோம்பேறி என எவரும் அச்சிடத் துணியார். ஆயினும் அப்பழைய நோக்கே மெருகூட்டப்பட்டு 'லெஷர்லி' என்னும் புகழ்மொழியாக வந்து நிற்கின்றதோ என ஐயுறுவதற்கு இடமுண்டு.

தமிழிலுள்ள சொற்கள்

விரைவின்மையைக் குறிக்கத் தமிழிலே சொற்கள் பல உள. ஆயின் அவை ஒரே பொருளன அல்ல. 'மெல்ல' என்பது மென்மையின் அடியாக வந்தது. விரைவு குறைவதோடு ஓசையும் அழுத்தமும் குறைதலை அது உணர்த்தும். 'மெதுவாக' என்பதும் அதன் சுற்றமே. 'பைய' என்பது தென்பாண்டி நாட்டிலே இன்றும் நாளாந்த வழக்கில் உள்ளது. திருக்குறளின் குறிப்பறிதல் அதிகாரத்திலே காதலியின் மெல்லிய நகைப்பைக் காட்ட அச்சொல் வருகின்றது. ஈண்டு அது குறிப்பது வேகத்தையன்று. வெளிப்படாமல் வெளிப்படும் தன்மையையே.

'சாவகாசம்' வடசொல், அவகாசத்தோடு கூடியது என்பது அதன் பொருள். 'நிதானம்' என்பதும் வடசொல்லே. ஆயின் வடமொழியிலே மூலகாரணம் எனப் பொருள்படும் அது, தமிழுக்கு வந்து பதற்றமின்மையையும் ஆராய்ந்து செய்தலையும் குறிக்கலாயிற்று. 'ஓய்வு' என்பது 'ஓய்' என்னும் வினையடியாகப் பிறந்து செயல் நின்றுபோதலைக் காட்டும். 'லெஷர்' என்பதற்கு நாம் வழக்கமாக எழுதும் 'ஓய்வு' இக்காரணத்தாலேயே 'லெஷர்லி' என்பதற்குப் பயன்படாது போகின்றது. செயல் நிகழ்ந்துகொண்டிருக்க வேண்டும்; ஆனால் அவசரம் இருத்தல் ஆகாது. இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கும் சொல்லே எமக்கு வேண்டுவது.

விரைவைப் பற்றியும் நம் இலக்கண நூலார் சிந்தித்துள்ளனர். கதழ்வு, துனைவு என்பன விரைவுப் பொருளன எனத் தொல்காப்பியம் உரியியலிலே கூறும். விரைவு தோன்ற அடுக்கிச் சொல்லும் சொல் மூன்று முறைக்கு மேற்படலாகாது என்றும் அந்நூல் வரையறை செய்யும். பேச்சிலே பதற்றத்துக்கும் ஓர் எல்லை வகுத்த இலக்கணம் அது.

'ஆறுதலாக'

நாம் தேடும் சொல் ஏட்டிலே அன்றி வீட்டு வாசலிலேயே இருக்கின்றது. பிரயாணம் புறப்படும் பேரனிடம் மட்டக்களப்புக் கிராமத்து முதியவள், "ஆறுதலாப் போயிற்று வா, மனே" என்பாள். இலங்கைத் தமிழிலே 'ஆறுதலாக' என்றால் அவசரப்படாமல், வேண்டிய நேரம் எடுத்து, பதறாமல் என்பது பொருள். தமிழகத்து வழக்கிலே இச்சொல் பெரும்பாலும் தேறுதல் தரும் வகையில் என்றே பொருள்படும். 'இதைப் பற்றி ஆறுதலாகப் பேசுவோம்' என்று இலங்கையர் எழுதினால் பின்னர் நேரமெடுத்துப் பேசலாம் என்பது கருத்து. அதனைப் படிக்கும் தமிழகத்து நண்பர், தமக்கு என்ன துக்கம் நேர்ந்ததென இவர் தேற்ற வருகிறார் என மயங்கக்கூடும்.

இவ்விரு பொருளும் ஒரே வினையினின்று கிளைத்தவை. 'ஆறு' என்னும் வினை வெம்மை தணிதலைக் குறிக்கும். சோறு ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும், துயர் ஆறும். பசியாறுதல், களைப்பாறுதல், இளைப்பாறுதல் என்பன யாவும் இதன் வழிவந்தவை. ஒவ்வொன்றிலும் முன்பு ஒரு வெம்மை இருக்கின்றது. அது தணிவதற்கு நேரம் வேண்டியிருக்கின்றது. ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்காதா என்னும் பழமொழி இந்நேரத்தைப் பற்றியதே. நதியைக் குறிக்கும் 'ஆறு' என்னும் பெயரோடு இவ்வினையை இணைத்து, நீரோட்டம் போன்ற நடை எனச் சிலர் விளக்கம் கூற ஆசைப்படலாம். கவிதைக்கு அது இனிது. சொல்லாய்வுக்குச் சான்று வேண்டும்.

ஈண்டு 'லெஷர்லி' என்பதற்கும் 'ஆறுதலாக' என்பதற்கும் உள்ள அடிப்படை வேற்றுமை புலனாகின்றது. முன்னையது அனுமதியிலிருந்து பிறந்தது. பின்னையது தணிவிலிருந்து பிறந்தது. முன்னையதற்கு ஒருவன் உழைப்பினின்று விடுபட்டிருத்தல் வேண்டும். பின்னையதற்கு அவ்வாறன்று, உழைத்துக் களைத்தவனே ஆறவேண்டியவன். வயலிலே நிற்பவனையும் 'ஆறுதலாச் செய்' எனலாம்.

இலக்கண நிலையிலும் ஒரு நுட்பம் உண்டு. 'லெஷர்லி' என்பது வினையடை போன்ற ஈறு உடையதாயினும் பெயரடையாகவே மிகுதியும் வழங்கும். 'ஆறுதலாக' என்பதோ இப்பொருளில் வினையடையாகவே நிற்கும். 'ஆறுதலான வார்த்தை' எனப் பெயரடையாக்கினால் உடனே தேற்றும் பொருளுக்குத் திரும்பிவிடுகின்றது. ஆங்கிலச் சொல் ஒரு பொருளுக்கோ மனிதருக்கோ நிலையான இயல்பாக ஒட்டிக்கொள்ளக்கூடியது. நம் சொல் ஒரு செயலுக்கு மாத்திரமே உரியது. ஒரு செயலை ஆறுதலாகச் செய்யலாம். ஒரு சமூகத்தை இச்சொல்லால் முத்திரை குத்தமுடியாது. இது குறையன்று என்பதே என் கருத்து.

இவ்வாறு கூறுவதனால் இச்சொல்லுக்குக் களங்கமே இல்லை என்றாகாது. 'ஆறப்போடுதல்' என்பதும் இவ்வினையின் பிள்ளையே. அலுவலகம் ஒன்றிலே மேசைக்கு அப்பால் இருப்பவர், 'ஆறுதலாகப் பார்ப்போம்' என்று கூறுகையில், மேசைக்கு இப்பால் நிற்பவருக்கு அது தேறுதலும் அன்று, அவகாசமும் அன்று. பத்திரத்தைக் கையிற்கொண்டு மூன்றாம் முறையும் பஸ் ஏறி வந்தவரின் நேரத்தை வேறொருவர் தாராளமாகச் செலவிடுகின்றார். அனுமதி கொடுப்பவரும் பெறுபவரும் என்ற பிரிவு ஈண்டு நம் சொல்லினுள்ளும் புகுந்துவிடுகின்றது. எனவே இச்சொல்லைக் கேட்கும்போது யார் யாருக்குச் சொல்கின்றார் என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும். தன் நேரத்தை விட்டுக்கொடுத்து மூதாட்டி சொல்வது வேறு. பிறர் நேரத்தை எடுத்துக்கொண்டு அதிகாரி சொல்வது வேறு.

வாவியின் நடை

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. கடலோரமாகிய கிழக்குக் கரை எழுவான்கரை. வயல்கள் விரிந்த மேற்குக் கரை படுவான்கரை. ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டு கரைகளுக்குப் பெயரிட்ட மக்கள் காலத்தை அறியாதவர்கள் அல்லர்.

இவ்வாவியிலே தோணி மெல்லச் செல்வதைக் கண்ட பிரயாணி அதனை 'லெஷர்லி' என எழுதுகின்றான். ஆழம் குறைந்த நீரிலே கம்பூன்றிச் செல்பவனுக்கு அந்த மெதுநடை தொழில் நுட்பமாகும். நீர் கலங்கினால் மீன் கலையும். வீச்சுவலையை ஏந்தி நிற்பவன் அசையாதிருப்பது ஓய்வெடுப்பதற்கன்று, எறியவேண்டிய கணத்துக்காகவே. இரவிலே இறால் பிடிப்பவன் கழிப்பது அவனது உறக்கத்தின் நேரம். இதனைக் கரையில் நின்று காண்பவனுக்கு அமைதியான காட்சி என்று தோன்றுவதில் தவறில்லை. காட்சியின் அமைதியைக் காட்சியினுள் இருப்பவனின் ஓய்வாகக் கொள்வதே தவறு.

இவ்விடத்திலே ஒரு பழைய பதிவை நினைவுகூர்தல் தகும். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற், 1848 இல் மட்டக்களப்புக்கு வந்தபோது வாவியினுள்ளிருந்து எழும் இசையொலியைக் கேட்டதாகத் தமது 1859 ஆம் ஆண்டு நூலில் எழுதியுள்ளார். பாடுமீன் கதை உலகறியச் செய்த பதிவுகளுள் அது முக்கியமானது. தோணியின் மரத்திலே காதை வைத்தபோது ஒலி மிகுதியாகக் கேட்டது என்கிறார். அவ்வொலி ஊரி எனப்படும் சிப்பியினத்திலிருந்து வருவதென மீனவர் கூறியதையும் குறித்துள்ளார். ஒலிக்குக் காரணம் மீனா ஊரியா என்பது ஈண்டு நம் வினாவன்று. எந்த இடத்திலே தோணியை நிறுத்தவேண்டும், எப்போது துடுப்பை உயர்த்தவேண்டும் என்பதை அறிந்திருந்தவர்கள் அம்மீனவர்களே. அவர்களது மெதுநடை ஓர் அறிவு. ரெனன்ற் அந்த அறிவை ஓர் இரவுக்கு இரவல் பெற்றார்.

மெதுநடையின் மற்றொரு வகையும் இவ்வாவியிலே உண்டு. இருகரையையும் இணைத்து மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையை இப்பிரதேச மக்கள் 'பாதை' என்பர். தெரு முடியும் இடத்தில் நீரே தெருவாவதால் அப்பெயர் பொருத்தமானதே. மண்முனைத் துறையிலே 2014 இல் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் இத்தகைய பாதைக்காகவே காத்திருந்தனர். நெல் மூட்டையோடு காத்திருந்தவரும், பரீட்சைக்குப் போகும் மாணவரும், பிரசவத்துக்குப் போகும் தாயும் அக்காத்திருப்பிலே சமமாயினர். அக்கரையிலிருந்து பாதை மெல்ல மிதந்து வருவது பிரயாணியின் புகைப்படத்துக்கு அழகு. இக்கரையில் நிற்கும் நோயாளிக்கு அது அழகன்று. இதற்கு 'லெஷர்லி' என்ற சொல்லும் பொருந்தாது. 'ஆறுதலாக' என்ற சொல்லும் பொருந்தாது. இதற்குரிய தமிழ்ச்சொல் தாமதம். அதன் காரணம் புறக்கணிப்பு.

ஆகவே வெளியிலிருந்து ஒன்றுபோலத் தோன்றும் மெதுநடை உள்ளே மூவகைப்படும்: தொழிலறிவால் வருவது, இல்லாமையால் வருவது, மனம் தணிவதால் வருவது. முதலாவதைக் கற்கவேண்டும், இரண்டாவதை நீக்கவேண்டும், மூன்றாவதைப் பேணவேண்டும். 'லெஷர்லி' என்னும் ஒற்றைச் சொல் மூன்றையும் ஒன்றாக்கி, இரண்டாவதையும் இரசிக்கச் செய்கின்றது. அதன்மேல் நாம் கூறும் முதன்மையான குற்றச்சாட்டு இதுவே.

கூத்தின் நடை

இதே வினாவைக் கலைத்துறையிலும் எழுப்பலாம். மட்டக்களப்புக் கூத்தை வட்டக்களரியிலே விடிய விடிய ஆடுவர். சட்டங் கொடுத்தல் முதல் கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல் எனப் படிப்படியாகச் சென்று அரங்கேற்றத்தை அடையும் நெடிய ஒழுங்கு அதற்குண்டு. இக்கலையையும் இப்பிரதேசத்தின் பேச்சையும் வழக்காறுகளையும் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியான 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலிலே தொகுத்து வைத்தார்.

1960 களிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இக்கூத்தை நகர மேடைக்குக் கொணர்ந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியன அவ்வழி வந்தவை. இரவு முழுவதும் நடந்தது, ஓரிரு மணி நேரத்துக்குள் அமைந்தது. படித்தோர் புறக்கணித்த கலைக்கு அம்முயற்சி புதிய மதிப்பை அளித்தது என்பதில் ஐயமில்லை. 'இராவணேசன்' நாடகத்தில் நடித்த சி. மௌனகுரு பின்னர் அக்கலையின் முதன்மை ஆய்வாளராகவும் விளங்குவது அம்முயற்சியின் பயனுக்குச் சான்று.

ஆயினும் அன்றுதொட்டு, பழைய கூத்து மெதுவாகச் செல்வது, ஆகவே சுருக்கவேண்டியது என்னும் கருத்து ஆராயப்படாத ஒரு வாய்பாடாகிவிட்டது. கூத்திலே நேரம் எங்கே செலவாகின்றது என்று நோக்கவேண்டும். கூத்தர் ஒரு தருவைப் பாடியபின் அதனைப் பிற்பாட்டுக்காரர் ஏந்திப் பாடுவர். அவ்வேளையிலே கூத்தர் ஆடுவார். பாடலின் பொருள் ஏற்கனவே சொல்லப்பட்டுவிட்டது, கதை நகரவில்லை. நாவல் படிப்பவனின் கண்ணுக்கு இது வீண் தாமதம். ஆயினும் ஒருவரின் துயரையோ வீரத்தையோ பலர் தம் குரலில் வாங்கிக்கொள்ளும் இடம் அதுவே. அந்த நேரம் பிறருக்குக் கொடுக்கப்பட்ட நேரம். அதனை நீக்கினால் கதை விரையும், களரி மேடையாகும், ஊர் பார்வையாளராகும். மாறாக, ஒரே செய்தியை மூன்று பாத்திரங்கள் திரும்பத் திரும்ப உரைக்கும் இடங்களைக் குறைப்பதால் இழப்பு யாதுமில்லை. சுருக்கலாமா என்பது வினாவன்று. எந்த மெதுநடையைச் சுருக்குவது என்பதே வினா.

நம் இசைமரபு இதில் வழிகாட்டும். சிலப்பதிகார உரையாசிரியரான அடியார்க்குநல்லார் வழியே நாம் அறியும் இயக்கங்கள் நான்கு: முதல்நடை, வாரம், கூடை, திரள். இவற்றுள் மிகத் தாழ்ந்து செல்வது முதல்நடை. மிக முடுகிச் செல்வது திரள். மெதுநடைக்கு 'முதல்நடை' எனப் பெயரிட்டமை கருதத்தக்கது. விரைவு குறைந்தது என எதிர்மறையால் அதனை அவர்கள் உணரவில்லை. மற்றைய நடைகளுக்கு முன்நிற்பதாகவே உணர்ந்தனர். இவ்வாவிப் பிரதேசத்துக் காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர் சிலப்பதிகாரத்தின் இசைப்பகுதிகளைத் துருவி ஆராய்ந்து 'யாழ்நூல்' இயற்றி 1947 இல் வெளியிட்டதையும் ஈண்டு நினைத்தல் பொருந்தும்.

முடிவாக

'லெஷர்லி' என்பதற்கு எவ்விடத்தும் பொருந்தும் ஒரே தமிழ்ச்சொல் இல்லை. காலையுணவை ஆற அமர உண்ணலாம். கதை நிதானமாகச் செல்லலாம். கடிதத்தை ஆறுதலாகப் படிக்கலாம். மொழிபெயர்ப்பாளர் செயலை நோக்கிச் சொல்லைத் தெரிவாராக. 2008 இல் வெளிவந்த க்ரியா அகராதியின் இரண்டாம் பதிப்பிலே எம். ஏ. நுஃமான் முதலியோரின் பங்களிப்போடு இலங்கை வழக்குச் சொற்கள் இடம்பெற்றன. அவ்வழியிலே பிரதேசச் சொற்களை அவற்றின் வழக்கு நுட்பங்களோடு தொகுக்கும் பணி இன்னும் மிகுதியாக உள்ளது. தமிழ் மாணவர் சங்கங்கள் அதனை ஏற்கலாம்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி நாவலடி, கல்லடி முதலிய இடங்களை அழித்தது. அதற்கு முன்னும் பின்னும் போர் எடுத்த உயிர்கள் பல. இப்பிரதேசத்திலே ஆறவேண்டியவை ஏராளமாக உள. அத்தகைய மக்களை நோக்கி, நீங்கள் அவசரமற்ற இனிய மனிதர் என எவரேனும் புகழ்ந்தால், நாம் மரியாதையோடு அச்சொல்லைத் திருப்பிக் கொடுக்கலாம். தேறுதலையும் வேண்டிய நேரத்தையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழி எங்களுடையது. நேரம் கொடாமல் தேற்றமுடியாது என்பதை அந்த முதியவள் எந்த அகராதியையும் பார்த்து அறிந்தவளல்லள். அவள் வாசலில் நின்று சொல்லும் சொல்லை நாம் ஏட்டிலே ஏற்றுவோமாக. தாமதத்துக்கு அதனை ஒரு மறைப்பாக்காமல் காப்போமாக.